மாஸ்கோவில் அனல், பாகிஸ்தானில் வெள்ளம்... பின்னணியில் ஒரே காற்று! - 'ஜெட் ஸ்ட்ரீம்' எப்படி வேலை செய்கிறது?

2010 ஜூலை 29. குளிருக்குப் பேர்போன மாஸ்கோவில் வெப்பநிலை 38.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நகரம் அதுவரை பார்த்திராத வெயில்.

'சென்னையில மே மாசம் இதைவிட அதிகமா அடிக்குமே' என்று தோன்றலாம். ஆனால், மாஸ்கோ வீடுகள் குளிரைத் தாங்கக் கட்டப்பட்டவை. பெரும்பாலானவற்றில் ஏசி கிடையாது. போதாக்குறைக்கு, காடுகளிலும் காய்ந்துபோன சதுப்பு நிலங்களிலும் பற்றிய தீயின் புகை நகரையே மூடியது. அந்தக் கோடையில் ரஷ்யாவில் வழக்கத்தைவிட சுமார் 55,000 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. கோதுமைப் பயிர் கருகியதால், ஆகஸ்ட் 15 முதல் தானிய ஏற்றுமதிக்கே ரஷ்யா தடை போட்டது.

அதே வாரம், 3,000 கி.மீ.க்கும் அப்பால் வடக்கு பாகிஸ்தானில் மழை கொட்டித் தீர்த்தது. சிந்து நதி கரைபுரண்டது. நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் தண்ணீருக்குள் போனது. சுமார் 2,000 பேர் உயிரிழந்தார்கள். 2 கோடி பேர் பாதிக்கப்பட்டார்கள்.

இந்த இரண்டு பேரிடர்களையும் இணைத்தது, தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரத்தில் ஓடும் ஒரு காற்று. அதன் பெயர் ஜெட் ஸ்ட்ரீம்.

அது என்ன காற்று?

பூமத்திய ரேகைப் பக்கம் காற்று சூடு. துருவத்தின் பக்கம் குளிர். இந்த வெப்ப வித்தியாசமும், பூமி தன்னைத்தானே சுற்றுவதும் சேர்ந்து வானத்தில் ஒரு 'காற்று ஆற்றை' உருவாக்குகின்றன. இது மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வேகம் சில சமயம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும்.

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானம், திரும்பி வருவதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் சீக்கிரம் போய்ச் சேருவதற்கு இந்தக் காற்றுதான் காரணம். போகும்போது முதுகில் தள்ளும். வரும்போது முகத்தில் அடிக்கும்.

இந்தக் காற்று நேர்க்கோட்டில் ஓடாது. வடக்கே ஒரு வளைவு, தெற்கே ஒரு வளைவு என்று பாம்பு மாதிரி நெளிந்து போகும். வளைவுகள் நகர்ந்துகொண்டே இருந்தால் வானிலையும் மாறிக்கொண்டே இருக்கும். இன்று வெயில், நாளை மழை. பிரச்சினை, வளைவு ஒரே இடத்தில் நின்றுவிட்டால்தான்.

2010-ல் நடந்தது என்ன?

அந்த ஆண்டு மேற்கு ரஷ்யாவின் மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. ஜெட் ஸ்ட்ரீம் அதைச் சுற்றி வடக்கே போனது.

உயர் அழுத்தத்தில் காற்று மேலிருந்து கீழே இறங்கும். இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகும். மேகம் உருவாகாது. வெயில் நேராகத் தரையில் விழும். மண்ணில் ஈரம் இருந்தால், அது ஆவியாகும்போது கொஞ்சமாவது குளிரும். ஈரமும் காய்ந்துவிட்டால் மொத்த வெயிலும் தரையைச் சூடாக்கவே போகும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட மோசம்.

ரஷ்யாவைச் சுற்றிப்போன காற்று, கிழக்கே தாண்டியதும் தெற்கு நோக்கி இறங்கியது. அங்கே, பருவமழைக் காலம் என்பதால் அரபிக் கடலிலிருந்தும் வங்கக் கடலிலிருந்தும் ஈரக்காற்று ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. கீழே ஈரம், மேலே குளிர்காற்று, எதிரே மலைத்தொடர். மூன்றும் சேர்ந்ததில் வானம் பிளந்தது. ரஷ்ய வெப்ப அலைக்கும் பாகிஸ்தான் மழைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது.

இதில் காலநிலை மாற்றத்தின் பங்கு என்ன?

இங்கேதான் விஞ்ஞானிகள் மோதிக்கொண்டார்கள். 2011-ல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, 'ரஷ்ய வெப்பத்துக்கு இயற்கையான வானிலை ஏற்ற இறக்கமே முக்கியக் காரணம்' என்றது. அதே ஆண்டு ஜெர்மனி ஆய்வாளர்கள், 'புவி வெப்பமடையாமல் இருந்திருந்தால் அந்தச் சாதனை வெப்பம் பதிவாகாமல் போயிருக்க 80% வாய்ப்பு' என்றார்கள்.

யார் சொன்னது சரி? இரண்டுமே சரி என்றது 2012-ல் வந்த மூன்றாவது ஆய்வு. வெப்பத்தின் அளவில் பெரும் பகுதி இயற்கையானது. ஆனால், அப்படி ஒரு கோடை வருவதற்கான வாய்ப்பு கூடிவிட்டது. 1960-களில் 99 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெப்பம், 2000-களில் 33 ஆண்டுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது.

ஜெட் ஸ்ட்ரீமே மாறிவிட்டதா?

இதற்கு இன்னும் முடிவான பதில் கிடைக்கவில்லை. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. அப்படியென்றால், வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் ஜெட் ஸ்ட்ரீமுக்கு எரிபொருள்.

வேகமாகச் சுற்றும் பம்பரம் நிலையாக நிற்கும். வேகம் குறைந்தால் தலையாட்ட ஆரம்பிக்கும். அதுபோல, வேகம் குறையும் ஜெட் ஸ்ட்ரீம் அதிகமாக நெளியும், வளைவுகள் அதே இடத்தில் தேங்கும் என்று 2012-ல் ஜெனிஃபர் ஃபிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் இருவரும் சொன்னார்கள்.

ஆனால், உயரத்தில் கதை வேறு. அங்கே வெப்பமண்டலக் காற்று வேகமாகச் சூடாகிறது. அது வெப்ப வித்தியாசத்தைக் கூட்டப் பார்க்கிறது. கீழே ஒரு பக்கம், மேலே மறுபக்கம் என்று கயிறு இழுக்கும் போட்டி! ஆர்க்டிக் தொடர்ந்து சூடானபோதும் அலைகள் பெரிதாகவில்லை என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது.

எது உறுதி?

காற்று எப்படி வளைந்தாலும், அது சுமந்து வரும் சரக்கு மாறிவிட்டது. வெப்பநிலை 1 டிகிரி கூடினால், காற்றால் சுமார் 7% கூடுதல் ஈரத்தைத் தாங்க முடியும். அதனால் கொட்டும்போது மழை அதிகம். வெப்ப அலை ஆரம்பிக்கும் புள்ளியே முன்பைவிட உயரத்தில் இருக்கிறது. அதனால் உச்சமும் அதிகம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்காலத்தில் டெல்லி, பஞ்சாபுக்கு மழை தரும் 'மேற்கத்திய இடையூறுகள்' ஜெட் ஸ்ட்ரீமில் பயணித்துதான் வருகின்றன.

அடுத்த முறை 'ஜெட் ஸ்ட்ரீமால் பேரிடர்' என்று செய்தி வந்தால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த வானிலையை அங்கே நிறுத்தியது எது? அதை இவ்வளவு கடுமையாக்கியது எது? முதல் கேள்வியில் விஞ்ஞானிகளுக்குள் விவாதம் தொடர்கிறது. இரண்டாவதில் புவி வெப்பமடைதலின் பங்கு தெளிவு. விவாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல், நகரங்கள் வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் இப்போதே தயாராகலாம். 2010-ல் மாஸ்கோ தயாராக இருக்கவில்லை.