இரவல் பாத்திரமும் யாழ்ப்பாணத்துக் காணியும்

கீழ்பென்னாத்தூரில் குடமோ தவலையோ வாங்கினால் பில் போடும் முன்பே "பேர் என்ன வெட்டணும்?" என்று கேட்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பத்துக் கை மாறினாலும் பாத்திரம் வீடு திரும்புவது அந்தப் பேரால்தான். நிலத்துக்கு அந்த வேலையைச் செய்வது பத்திரம். நம் திருவண்ணாமலை மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் அதைக் காணி உறுதி என்பார்கள். துணிமணியை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட உறுதியை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் பேர் வெட்டியிருந்தால் மட்டும் போதாது. உங்கள் அண்டா பக்கத்து வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. நீங்கள் இரவல் கொடுத்ததென்றால் இருபது வருஷம் அங்கே கிடந்தாலும் அது உங்களுடையதுதான். "பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்துவிட்டு வெளியூர் போயிருந்தாலும் அப்படியே. கேட்காமல் எடுத்து, ஊரறியத் தன் அண்டாவாகவே புழங்கி, நீங்களும் வாய் திறக்காமல் இருந்தால்தான் சிக்கல்.

சட்டம் நாள் எண்ணத் தொடங்குவது இந்த மூன்றாவது நிலையில்தான். இந்தியாவில் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு. இலங்கையில் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி 10 ஆண்டு. இடையூறு இல்லாமல், உரியவருக்கு எதிராக, தனக்கென்று ஆண்டிருக்க வேண்டும். நடுவில் வாடகை கொடுத்தாலோ, "உங்கள் காணிதான்" என்று ஒப்புக்கொண்டாலோ அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்கு நடந்துபோய் "என் அண்டா எங்கே?" என்று கேட்க உங்களால் முடியும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. இலங்கையில் நடந்த போர் அந்த வழியையே அடைத்துவிட்டது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் மொத்தமாக வெளியேற்றினார்கள். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் மக்கள் ஊரைவிட்டு ஓட, அவர்களின் வளவுகள் (வீட்டு மனைகள்) இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. இப்படிப் போனவர்கள் காணியைக் கைவிட்டவர்கள் அல்லர். ஆனாலும் நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த 1871 சட்டத்தில் ஒரு பிடிமானம் உண்டு. வழக்குரிமை பிறந்த நேரத்தில் உரியவர் கடல் கடந்து இருந்தால், அந்தக் காலம் அவருக்கு எதிராக எண்ணப்படாது. ஆனால் இலங்கைக்குள்ளேயே புத்தளத்திலோ வன்னியிலோ தஞ்சம் புகுந்தவர் கடல் கடக்கவில்லையே! கடந்தவருக்கும் ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள். 30 ஆண்டு தொடர்ந்து ஒருவர் எதிராக ஆண்டுவிட்டால், எந்தத் தடையைச் சொல்லியும் பயனில்லை. தொண்ணூறுகளில் நம் பக்கம் வந்தவர்களுக்கு அந்த முப்பது எப்போது நிறைகிறது என்று கணக்குப் போட்டால் வயிறு கலங்குகிறது.

2016இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்தே வெட்டி எடுத்துவிடலாம் என்றது. நல்ல யோசனை. ஆனால் பயங்கரவாதக் குழுவின் செயலால் நீதிமன்றம் போக முடியாதவருக்கு மட்டும் என்று வாசலைக் குறுக்கிவிட்டார்கள். இராணுவ முகாமுக்காக வீட்டை இழந்தவர் எந்தக் குழுவைச் சொல்வார்? வழக்கையும் இரண்டே ஆண்டில் தொடங்க வேண்டும் என்றார்கள். இருபத்தாறு ஆண்டுப் போருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

எடுத்தவர் அரசாங்கம் என்றால் கதை வேறு. அங்கே நாள் எண்ணும் வேலையே இல்லை, ஓர் அறிவித்தல் போதும். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைக் கையகப்படுத்த அறிவித்தல் ஒட்டினார்கள். 2025 மார்ச் 28ஆம் தேதி வந்த வர்த்தமானி (அரசிதழ்), வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி ஆகிவிடும் என்றது. முகாமில் இருப்பவர் அந்த அறிவிப்பைப் பார்த்து, ஆவணம் சேர்த்து, கடல் தாண்டிப் போய்ச் சேர மூன்று மாதம் எப்படிப் போதும்? ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்தது, அரசும் திரும்பப் பெற்றது.

வேறு வழியே இல்லையா? போருக்குப் பின் போஸ்னியாவில் செய்ததைப் பார்க்கலாம். 1995 சமாதான உடன்படிக்கையிலேயே சொத்துக் கோரிக்கைக்கெனத் தனி ஆணையம் வைத்தார்கள். வீடுகளைக் 'கைவிடப்பட்டவை' ஆக்கிய போர்க்காலச் சட்டங்களை ரத்து செய்தார்கள். சுமார் 2 லட்சம் வீடுகள் உரியவர் கைக்குத் திரும்பின.

முகாமில் இருப்பவர் இன்று செய்யக்கூடியதும் உண்டு. உறுதியை விரித்துப் பாருங்கள். "வடக்கில் ஒழுங்கை, கிழக்கில் இன்னார் வளவு" என்று எல்லை எழுதியிருக்கும். இன்னாரும் ஊரில் இல்லை, ஒழுங்கை என்ற சந்தும் புதர் மூடிக் கிடக்கிறது என்றால் எல்லைக்குச் சாட்சி சொல்ல ஆள் ஏது? அதனால் நில அளவை வரைபடம் ஒன்று எடுத்துவைக்க வேண்டும். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்குச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக அற்றோணித் தத்துவம் (பவர் பத்திரம்) கொடுக்கலாம். காணிப் பதிவகத்தில் புதிய உறுதி ஏதும் ஏறியிருக்கிறதா என்று அவர் தேடிப் பார்க்கட்டும். சோலைவரி (வீட்டு வரி) ரசீது உங்கள் பெயரிலேயே வரட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஊரில் உங்கள் வீட்டில் இப்போது இருப்பவரிடம் பேசுவது. பல நேரம் அவரும் வேறோர் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்தான். அவரைத் தெருவில் தள்ளச் சொல்லவில்லை. "உங்கள் அனுமதியோடு இருக்கிறேன்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேருக்கு ஒரு தொகை வாடகை வாங்கி ரசீது கொடுங்கள். அந்த நிமிடமே அவர் இரவல் வாங்கியவர் ஆகிவிடுகிறார், ஆண்டுக் கணக்கு அவருக்கு ஓடாது. அவருக்கும் நாளைக்கே வெளியேற்றப்படுவோமோ என்ற பயம் குறையும்.

உறுதியில் பேர் உள்ள பெரியவர் முகாமிலேயே இறந்துபோயிருந்தால், முதலில் அவருடைய இறப்புச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் பதிவான அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். உறுதியில் உள்ள பேரும் இங்கே பதிவான பேரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.