கார் லோகோவைக் கழற்றலாமா?

2019 ஜூன் மாதம் டொயோட்டா நிறுவனம் ‘க்ளான்சா’ என்ற காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது மாருதி சுசூகியின் பலேனோதான் என்பது ஊரறிந்த விஷயம். அதே உடல், அதே எஞ்சின். கிரில்லிலும் டிக்கியிலும் ஸ்டீயரிங்கிலும் இருந்த சின்னம்தான் முக்கிய மாற்றம். 2022-ல் இது தலைகீழானது. சுசூகி சின்னம் தாங்கிய கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா சின்னம் தாங்கிய ஹைரைடரும் பெங்களூரை அடுத்த பிடதியில், டொயோட்டா ஆலையிலேயே தயாராயின. அதற்கும் முன்பு, 2013-ல், ரெனோ டஸ்டரைத் தயாரித்த ஒரகடம் ஆலையிலிருந்து அதன் இரட்டைப் பிறவியாக நிஸான் டெரானோ வெளிவந்தது.

கம்பெனிக்காரர்களே சின்னத்தை மாற்றி ஒட்டும்போது, நாம் ஏன் மாற்றக் கூடாது? கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. சிலருக்கு டிக்கி முழுக்க எழுத்துகள் இருப்பது பிடிப்பதில்லை. சிலருக்கு குரோம் லோகோவைக் கறுப்பாக்க ஆசை. பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஆர்டர் கொடுக்கும்போதே ‘மாடல் எழுத்து வேண்டாம்’ என்று சொல்ல வழி வைத்திருக்கிறது. விருப்பப் பட்டியலில் அதற்கு 320 என்று தனி எண்ணே உண்டு. ஆக, ஆசையில் தவறில்லை. ஆனால் காரின் எந்த இடத்தில் இருக்கும் சின்னம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். டிக்கியில் உள்ள எழுத்து பெரும்பாலும் வெறும் அலங்காரம். முன்பக்க லோகோ இன்று பல கார்களில் ஒரு கருவியின் பாகம். ஸ்டீயரிங்கில் இருப்பதோ உயிர் சம்பந்தப்பட்டது.

ஒட்டியிருப்பது எது?

டிக்கியில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. மேலே குரோம் பூச்சு, அடியில் டபுள் சைடு டேப். இந்த டேப் நாம் வீட்டில் பயன்படுத்தும் ரகம் அல்ல. அக்ரிலிக் பிசினால் ஆன நுரைப் பட்டை. இந்த வகை டேப்பை 1980-ல் 3எம் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. திருகாணி, ரிவெட் இருந்த இடங்களில் எல்லாம் மெல்ல மெல்ல இது புகுந்துவிட்டது.

இந்தப் பிசின் பாதி திடப்பொருள்போலவும் பாதி திரவம்போலவும் நடந்துகொள்ளும். பரோட்டாவுக்குப் பிசைந்த மாவை வெடுக்கென்று இழுத்தால் எதிர்க்கும். மெதுவாக இழுத்தால் இழுத்த பக்கம் நீண்டு வரும். டேப்பின் குணமும் இதுதான். வேகமான இழுப்புக்கு வலுவாகத் தாக்குப்பிடிக்கும், மெதுவான இழுப்புக்கு இளகிக் கொடுக்கும். சூடு ஏறினால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் எளிதாக நகரத் தொடங்குவதால் இன்னும் சீக்கிரம் இளகும். எனவே எழுத்தைக் கழற்றத் தேவை பலம் அல்ல, சூடும் பொறுமையும்.

ஹேர் ட்ரையரை ஒரே இடத்தில் பிடிக்காமல் முன்னும் பின்னும் நகர்த்தி, கை வைத்தால் நன்றாகச் சுடும் ஆனால் பொறுக்க முடியும் என்ற அளவுக்குச் சூடாக்கினால் போதும். பிறகு தூண்டில் நரம்பையோ பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலையோ எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம்போல் இழுத்தால் நுரை நடுவில் அறுபடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முழு அழுத்தமும் ஒரே புள்ளியில் இறங்கிப் பெயின்ட்டைப் பெயர்த்துவிடும். நூல் எழுத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் உள்ள நுரையை மட்டும் அறுக்கும். மிச்சமிருக்கும் பிசினை, சூடு இருக்கும்போதே கட்டை விரலால் உருட்டி எடுக்கலாம். கடைசி மிச்சத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

பல பட்டறைகளில் இதற்குத் தின்னரை எடுக்கிறார்கள். கம்பெனிப் பெயின்ட்டின் மேலடுக்கு ரசாயனப் பிணைப்புகளால் வலைபோல் பின்னப்பட்டிருப்பதால் ஓரளவு தாங்கும். ஆனால் விபத்துக்குப் பிறகு வெளியே மலிவாக அடித்த பெயின்ட்டாக இருந்தால், சில நொடிகளில் கரைந்து துணியோடு வந்துவிடும். கார் எங்கே மறுபெயின்ட் ஆகியிருக்கிறது என்று தெரியாதவர்கள் தின்னர் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சில எழுத்துகளுக்குப் பின்னால் சிறு ஆணிபோன்ற கால்கள் இருக்கும். அவை டிக்கித் தகட்டில் உள்ள துளைகளில் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டதைக் கழற்றினால் துளை வெளியே தெரியும், மழைத்தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். டிக்கியின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தோ கம்பெனி சர்வீஸில் கேட்டோ உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

வெயில் விட்டுச்சென்ற தடம்

எழுத்து வந்த பிறகும் அதே எழுத்து நிழலாகத் தெரியும். இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது அழுக்கு. எழுத்தின் விளிம்பில் வருடக்கணக்கில் சேர்ந்த தூசும் மெழுகும் கோடாகப் படிந்திருக்கும். சோப்பு நீரும் லேசான பாலிஷும் போட்டால் போய்விடும்.

இரண்டாவது வெயில் செய்த வேலை. காரின் பெயின்ட் மொத்தமாகவே 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். ஒரு தாள் அளவு. அதில் நிறம் இருக்கும் அடுக்குக்கு மேல் சுமார் 40 மைக்ரானுக்கு நிறமற்ற ‘கிளியர் கோட்’ இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் இந்த அடுக்கில் கலந்திருக்கும். ஆண்டுகள் போகப் போக அவை தீர்ந்துகொண்டே வரும். கதிர்கள் உள்ளே இறங்கி நிறமிகளின் பிணைப்புகளை உடைக்கும். சிவப்பு நிறக் கார்கள் பல சீக்கிரம் வெளுப்பது இதனால்தான். எழுத்துக்கு அடியில் மட்டும் வெயில் படாததால் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

இந்த நிழலை விரட்டக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துக்கொண்டே போவது ஆபத்து. ஒவ்வொரு தேய்ப்பும் கிளியர் கோட்டில் சில மைக்ரான்களைத் தின்னும். மெலிந்த இடம் வெயில் தாங்காமல் சில வருடங்களில் உரியத் தொடங்கும். எழுத்தை எடுக்க வேண்டுமானால் கார் புதிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். எட்டு, பத்து வருடம் வெயிலில் நின்ற காரில், எழுத்து இருக்கும்போதே அதிக அழகு.

வேறு எழுத்தை ஒட்டுபவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்ரிலிக் டேப் ஒட்டிய உடனே முழு பலம் பெறுவதில்லை. பிசின் மெதுவாகப் பரவி, பெயின்ட்டின் நுண்ணிய மேடு பள்ளங்களை நிரப்ப வேண்டும். அறை வெப்பநிலையில் 20 நிமிடத்தில் பாதி பலம், ஒரு நாளில் 90 சதவீதம், மூன்று நாளில் முழு பலம். ஒட்டிய அன்றே வாட்டர் வாஷுக்கு விட்டால் எழுத்து தண்ணீரோடு போய்விடலாம்.

முன்பக்க லோகோ: ரேடாரின் ஜன்னல்

இனி காரின் முன்பக்கம் வருவோம். முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளந்து தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, மோதப் போகிறது என்றால் தானே பிரேக் போடும் வசதி ஆகியவை ‘அடாஸ்’ என்ற பெயரில் இந்தியக் கார்களிலும் வந்துவிட்டன. இவற்றில் பல ரேடாரை நம்பி இயங்குகின்றன. 1999-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் இந்த ரேடார் வந்ததிலிருந்து பொறியாளர்களுக்கு ஒரு சிக்கல். ரேடாரை வைக்கச் சிறந்த இடம் காரின் முன்பக்க நடு மையம். அந்த இடத்தில் நிறுவனத்தின் லோகோ உட்கார்ந்திருக்கிறது. ஆகவே டொயோட்டா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் லோகோவையே ரேடாரின் ஜன்னலாக்கிவிட்டார்கள்.

இந்த ரேடாரின் அலைவரிசை 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உலோகத்தில் பட்டால் இந்த அலை அப்படியே திரும்பிவிடும். இந்த அதிர்வெண்ணில் தாமிரத்துக்குள் அது கால் மைக்ரான் ஆழம்கூட உருப்படியாக இறங்காது. கடையில் விற்கும் சாதாரண குரோம் லோகோவிலோ, பளபளக்கும் குரோமுக்கு அடியில் தாமிரமும் நிக்கலுமாகப் பல மைக்ரான் உலோகம் இருக்கிறது. அதை ரேடாருக்கு முன்னால் ஒட்டுவதும் கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொல்வதும் ஒன்றுதான்.

அப்படியானால் கம்பெனி லோகோ பளபளப்பது எப்படி? பல லோகோக்களில் விடை இண்டியம் என்ற உலோகத்தில் இருக்கிறது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் படியவிடும்போது, இண்டியம் தொடர்ச்சியான தகடாகாமல் தனித்தனி நுண்தீவுகளாகப் படியும். இந்தத் தீவுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் லோகோ வெள்ளிபோல் மின்னும். ஆனால் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் ஓட வழியில்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் ரேடார் அலையைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. அது கடந்து போய்விடும்.

லோகோவின் தடிமனும் கணக்குப் போட்டு வைத்ததுதான். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்குள் அலை சுருங்கிச் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளமாகும். தடிமன் அதன் பாதியாகவோ, பாதியின் மடங்காகவோ இருந்தால், முன்பக்கப் பரப்பிலும் பின்பக்கப் பரப்பிலும் எதிரொலிப்பவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலை நஷ்டமில்லாமல் வெளியேறும். இதன் மேல் பெயின்ட்டோ ஸ்டிக்கரோ ஏறினால் கணக்கு குலையும். அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் என்றால் இன்னும் மோசம்.

ரேடார் முற்றிலும் மறைக்கப்பட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை வராத அளவுக்குச் சிறு பிழை ஏற்படுவது அதைவிட ஆபத்து. எதிரே இருக்கும் வண்டி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை, பல ஆன்டெனாக்களில் அலை வந்துசேரும் கட்ட வித்தியாசத்தை வைத்துத்தான் ரேடார் கண்டுபிடிக்கிறது. லோகோ சரியில்லாமல் இந்தத் திசைக் கணிப்பு ஒரே ஒரு டிகிரி பிசகினால், 100 மீட்டருக்கு அப்பால் அது 1.75 மீட்டர் பிழையாகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது அரை லேன். பக்கத்து லேனில் போகும் லாரி உங்கள் லேனில் போவதாகத் தெரியலாம். உங்கள் லேனில் போகும் பைக் தெரியாமலே போகலாம்.

உங்கள் காரில் ரேடார் லோகோவுக்குப் பின்னால்தான் இருக்கிறதா என்று அறிய விரலே ஒரு நல்ல துப்பு தரும். லோகோவைத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் இல்லாமல் கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்து, சின்னம் உள்ளே ஆழத்தில் தெரிந்தால் அது ரேடார் ஜன்னலாக இருக்க வாய்ப்பு அதிகம். காரோடு வந்த கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த லோகோ உடைந்தால்கூட, அதே காருக்கான கம்பெனிப் பாகத்தை மட்டுமே மாற்றி, ரேடாரைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள்

ஸ்டீயரிங் நடுவில் உள்ள லோகோவின் மேல் கல் பதித்த உலோக வில்லைகளை ஒட்டும் பழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. நம் ஊர் அக்சஸரீஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த மூடிக்குப் பின்னால் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதலின்போது சுமார் 30 மில்லிசெகண்டில், அதாவது கண் இமைப்பதற்குள், அது மூடியைக் கிழித்துக்கொண்டு விரியும். மூடி எங்கே கிழிய வேண்டும், லோகோ எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் சோதித்து அமைக்கப்பட்டவை. நாம் ஒட்டிய வில்லை அந்தக் கணக்கில் இல்லை. அது முகத்தை நோக்கிப் பாயும். அமெரிக்காவில் இப்படி ஓர் ஓட்டுநர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதையடுத்து 2024-ல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இவற்றை அகற்றும்படி பொதுமக்களை எச்சரித்தது. ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மீட்க வருபவர் படிக்கும் எழுத்து

டிக்கி எழுத்துகளில் அலங்காரம் அல்லாத ஒரு வகையும் இருக்கிறது. ‘இ.வி.’, ‘ஹைபிரிட்’, ‘சி.என்.ஜி.’ என்பவை அவை. பல மின்சாரக் கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உள்ள கேபிள்கள் ஓடுகின்றன. சி.என்.ஜி. காரில் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் வாயு அடைத்த சிலிண்டர் இருக்கிறது. விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் திறந்து ஆளை மீட்க வரும் தீயணைப்பு வீரர், எங்கே வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவெடுக்க முதலில் தேடும் தடயங்களில் இந்த எழுத்தும் ஒன்று. பச்சை நம்பர் பிளேட் மின்சாரக் காரைக் காட்டிக் கொடுக்கும்; ஹைபிரிட்டுக்கு அதுவும் இல்லை. அழகுக்காக இந்த எழுத்தை எடுப்பது, நம்மைக் காப்பாற்ற வருபவரின் உயிரோடு விளையாடுவது.

பெயர் மாறினாலும் பிறப்பு மாறாது

லோகோவை மாற்றுவதால் காரின் அடையாளம் மாறிவிடுவதில்லை. ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் இருக்கின்றன. சேஸிஸில் பொறித்த 17 எழுத்து-எண்களில் முதல் மூன்று தயாரிப்பாளரைச் சொல்லும். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., மாருதிக்கு எம்.ஏ.3, டாடாவுக்கு எம்.ஏ.டி. குறைந்த வேரியன்ட்டில் உயர்ந்த வேரியன்ட்டின் எழுத்தை ஒட்டி விற்பவர்களிடம் ஏமாறாமல் இருக்க, பழைய கார் வாங்குவோர் டிக்கியை நம்பாமல் இந்த எண்ணையும் ஆர்.சி.யையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சொந்தக் காரை விருப்பப்படி வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. மாடல் பெயர், வேரியன்ட் எழுத்து, டீலர் ஒட்டிய கடைப் பெயர் ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் முன்பக்க லோகோவை மாற்ற வரும் வாடிக்கையாளரிடம் ‘காரில் அடாஸ் இருக்கிறதா?’ என்று கடைக்காரர் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். கார் நிறுவனங்களும் இந்த எச்சரிக்கையைக் கையேட்டின் நடுப்பக்கங்களில் விட்டுவிடக் கூடாது. காரை ஒப்படைக்கும் நாளில் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுக்கும் ஷோரூம்கள், ‘இந்த லோகோவைத் தொடாதீர்கள்’ என்று சொல்ல இன்னும் ஒரு நிமிடம் ஒதுக்கலாம். அதைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமையும்கூட.