உடுக்கை ஒலித்த பதினெட்டு இரவுகள்

ஒரு பாடகரைப் பற்றி ஆவணப்படம் எடுப்போர் பெரும்பாலும் அவர் பாடி முடித்த பாடலையே பதிவு செய்கின்றனர். அப்பாடல் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பதிவு செய்வது அரிது. அத்தகைய அரிய முயற்சி ஒன்று, கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1965-ஆம் ஆண்டிலேயே நடந்தது.

கொங்குச் சமூகத்தை ஆராய வந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், உடுக்கையடிக் கலைஞர் ராமசாமி பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னர், சங்கர், அவர்தம் தங்கை ஆகியோரின் கதை ஊரார் முன்னிலையில் 18 இரவுகள் பாடப்பட்டது.

பெக் அதோடு நிற்கவில்லை. உடுக்கையும் கூட்டமும் இல்லாத சூழலில் அதே கலைஞர் அதே கதையைச் சொல்ல, எழுத்தர் ஒருவர் எழுதிக்கொண்டார். இரு வடிவங்களையும் ஒப்பிட்டு 1982-இல் அவர் வெளியிட்ட நூல்தான் 'தி த்ரீ ட்வின்ஸ்'.

இந்த ஒப்பீடு ஏன் முக்கியம்? வாய்மொழிக் கலைஞர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர் அல்லர். கதையின் போக்கும் வழக்கமான சொற்றொடர்களும் அவர் வசம் உள்ளன. அவற்றைக் கொண்டு ஒவ்வோர் இரவும் அவர் கதையைப் புதிதாகக் கட்டுகிறார். 1930-களில் யூகோஸ்லாவியாவின் காவியப் பாடகர்களை மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் பதிவு செய்து கண்ட உண்மையும் இதுவே.

உடுக்கையடிப் பாட்டில் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். பின்பாட்டுக்காரர் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவார். படுகளக் கட்டத்தில் அருள்வந்து விழுவோரைப் பாடியே எழுப்புவர். ஆகவே, கேட்போரும் இப்படைப்பின் பங்காளிகளே. அவர்களை விலக்கிவிட்டுப் பாடலை மட்டும் பதிவு செய்வது, தறியைப் பாராமல் துணியை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பொருளியலில் உற்பத்திப் பொருள் வேறு, உற்பத்தி முறை வேறு. பொருளைச் சேமித்து வைத்தால் அருங்காட்சியகம் நிறையும். முறையைக் கற்றுக்கொண்டால்தான் கலை தொடரும். இன்று கைப்பேசியில் பரவும் சில நிமிடக் காட்சிகள் பொருளின் துணுக்குகள் மட்டுமே.

ஒலிநாடாவில் பதிந்த கதை, 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரு பகுதிகளாக வந்தது. அதற்கு வழிவகுத்தது, 18 இரவுகள் உடனிருந்து கேட்ட பொறுமை.

அப்பொறுமையை இன்று கொங்கு மண்டலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் ஏற்க வேண்டும். எஞ்சியுள்ள கலைஞர்கள் முழு இரவும் பாடுவதை, கேட்போரையும் சேர்த்துப் படமாக்க வேண்டும். மாணவருக்கு அவர்கள் கற்றுத்தரும் முறையையும் பதிய வேண்டும். கலைஞருக்கு உரிய ஊதியமும் பதிவின் படியும் தர வேண்டும். மாணவர் கையில் ஒளிப்படக் கருவி இருக்கிறது. இரவு முழுதும் அமர்ந்து கேட்கும் மனம்தான் வேண்டும்.