தாத்தா ரேடியோவுக்கு லைசென்ஸ் இருக்கா?

பைக்குக்கு லைசென்ஸ் ஓகே, ரேடியோவுக்குமா? ஆமா பாஸ்! 1980-களின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டுல ரேடியோ வெச்சிருந்தா, வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்கணும். ரேடியோ சேகரிக்கிறவங்களுக்கு இன்னிக்கு அந்தப் புத்தகம் புதையல்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, பழம்பொருள் கடைகளுக்கு ஃபேமஸ். செட்டிநாட்டு வீடுகளை ஒழிக்கும்போது மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோ கிடைச்சா, கடைக்கு வந்துடும். லைசென்ஸ் புத்தகம்? பழைய பேப்பரோட போயிடும்!

பக்கத்துலயே அரியக்குடி. கச்சேரிக்கு இன்றைய வடிவம் தந்த ராமானுஜ ஐயங்காரின் (1890-1967) ஊர். அவர் மேடையில கொடிகட்டிப் பறந்த காலத்துலதான் சென்னை வானொலியும் (1938) திருச்சி வானொலியும் (1939) தொடங்கின. அந்தப் பாட்டு எந்த வீட்டுக்குள்ள, எந்த வருஷம் நுழைஞ்சதுன்னு சொல்ற சாட்சி, அந்தப் புத்தகம்தான்.

லீவுக்கு ஊருக்குப் போனா பரண் ஏறுங்க. ரேடியோ கிடைச்சா உடனே பிளக்கைச் சொருகாதீங்க. உள்ளே இருக்குற பழைய கண்டென்சர் புகைஞ்சிடலாம். முதல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க. கூடவே லைசென்ஸையும் தேடுங்க.

ரேடியோவைக் காசு கொடுத்து வாங்கிடலாம். தாத்தா பேர் எழுதின புத்தகத்தை எந்தக் கடையில வாங்குவீங்க?