எரிபொருள் கலங்களில் மின்முனை வினையூக்கம்

எரிபொருள் கலங்களில் மின்முனை வினையூக்கம் என்பது, எரிபொருளும் ஆக்சிசனும் விரைந்து வினைபுரிய மின்முனையின் உலோகப் பரப்பு துணைசெய்வதைக் குறிக்கும். உலோகம் வினையில் பங்கேற்றாலும் முடிவில் செலவாவதில்லை. 1839 இல் வில்லியம் குரோவ் விவரித்த வளிம மின்கலத்திலேயே பிளாட்டினம் மின்முனைகள் இருந்தன. இன்று ஊர்திகளில் பயன்படும் புரோத்தன் கடத்தும் படலக் கலங்களிலும், விலை மிகுந்த அவ்வுலோகமே முதன்மையான வினையூக்கியாக உள்ளது.

ஐதரசன் பக்கம்

ஐதரசன் மூலக்கூறு பிளாட்டினப் பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிரிந்து உலோகத்துடன் பிணைகிறது. பின்னர் ஒவ்வோர் அணுவும் தன் எதிர்மின்னியை உலோகத்திடம் விட்டு, புரோத்தனாகப் படலத்தினுள் செல்கிறது. எதிர்மின்னிகள் வெளிச்சுற்றின் வழியே மறுமுனையை அடைகின்றன. இவ்வோட்டமே நமக்குப் பயன்படும் மின்சாரம். இவ்வினை மிக விரைவானது ஆதலால் சிறிதளவு பிளாட்டினமே போதும்.

ஆக்சிசன் பக்கம்

உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. ஆக்சிசன் மூலக்கூறின் வலிய இரட்டைப் பிணைப்பு முறிய வேண்டும். அதனுடன் நான்கு புரோத்தன்களும் நான்கு எதிர்மின்னிகளும் படிப்படியாகச் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் உருவாக வேண்டும். இடைப்பட்ட நிலைகளில் ஆக்சிசன் அணுக்களும் ஐதராக்சில் தொகுதிகளும் பரப்பில் ஒட்டியிருக்கும். தங்கத்தைப் போல் உலோகத்தின் பிடிப்பு தளர்ந்திருந்தால் பிணைப்பு எளிதில் முறியாது. தூய நிக்கலைப் போல் இறுக்கமாக இருந்தால் ஒட்டியவை அகலாமல் தங்கிவிட, அடுத்து வரும் மூலக்கூறுக்கு இடமிராது. பிளாட்டினம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆயினும் அதுவும் ஆக்சிசனைத் தேவைக்குச் சற்று மிகுதியாகவே பிடிக்கிறது. கோட்பாட்டின்படி ஏறத்தாழ 1.23 வோல்ட்டு தரவேண்டிய கலம் பயன்பாட்டில் 0.6 முதல் 0.7 வோல்ட்டு அளவே தருவதற்கு, இவ்வினையின் மந்தமே முதன்மையான காரணம். கலத்திலுள்ள பிளாட்டினத்தின் பெரும்பகுதி இம்முனையில் இடப்படுவதும் இதனாலேயே. கோபால்ட்டு கலந்த பிளாட்டினத்தில் பிடிப்பு சற்றே தளர்வதால் வினை விரைவுபடுகிறது.

பரப்பும் நஞ்சும்

வினை பரப்பில் மட்டுமே நிகழ்வதால் உலோகத்தின் உள்ளே இருக்கும் அணுக்கள் வீணே. ஆகையால் பிளாட்டினம் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகக் கரித்தூளின் மீது பரப்பப்படுகிறது. நாளடைவில் இத்துகள்கள் கரைந்தும் ஒன்றுசேர்ந்தும் பெரிதாகின்றன. பரப்பு குறைந்து கலத்தின் திறனும் குறைகிறது.

இயற்கை வளியிலிருந்து பெறும் ஐதரசனில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கக்கூடும். 80 பாகை செல்சியசு அளவில் இயங்கும் கலத்தில், பத்து இலட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்சைடு கூடப் பிளாட்டினத்தில் இறுக ஒட்டி ஐதரசனின் இடத்தை அடைத்துவிடும். உருத்தேனியம் சேர்த்தால், அது நீரிலிருந்து ஐதராக்சிலைப் பெற்று அருகிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றி இடத்தை விடுவிக்கிறது. மிகு வெப்பநிலையில் இயங்கும் திண்ம ஆக்சைடு கலங்களில் இச்சிக்கல் இல்லை. அவற்றின் எரிபொருள் முனையில் பிளாட்டினத்துக்கு மாறாக நிக்கல் பயன்படுகிறது, கார்பன் மோனாக்சைடும் எரிபொருளாகவே செலவாகிறது.