ஜிட்டாவைக் கொளுத்தியவர்கள்

2012 ஏப்ரல் மாதத்தின் கடைசி சனி, ஞாயிறுகளில் ஜிட்டாவுக்குச் சரக்கு ஏற்றி வந்த கப்பல்கள் பல அங்கேயே வெடித்துச் சிதறின. ‘ஈவ் ஆன்லைன்’ என்ற இணைய விண்வெளி விளையாட்டின் மிகப் பெரிய சந்தை ஜிட்டா. காவல் பலமாக உள்ள இடம். ‘கூன்ஸ்வார்ம்’ கூட்டணிக்காரர்கள் விலை குறைந்த போர்க்கப்பல்களில் கும்பலாக வந்து, ஒரு சரக்குக் கப்பலைக் குறிவைத்து, எல்லோரும் ஒரே சமயத்தில் சுட்டார்கள். சில நொடிகளில் விளையாட்டின் காவல்படையான காங்கார்ட் வந்து, சுட்டவர்களின் கப்பல்களை அழித்தது. முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிட்ட நஷ்டம் அது. புதுக் கப்பலோடு திரும்ப வந்து அடுத்ததைச் சுட்டார்கள்.

சரக்கை இழந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. வேலை முடிந்து வந்த மாலைகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த சரக்கு அது.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு ஈவ். மற்ற பல இணைய விளையாட்டுகள் ஆட்டக்காரர்களை வெவ்வேறு சர்வர்களில் பிரித்துவிடும். இங்கே சீனா நீங்கலாக உலகத்தார் எல்லோருக்கும் ஒரே பிரபஞ்சம்; ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். நடுப்பகுதியான ‘ஹை-செக்’கில் காங்கார்ட் உண்டு. விளிம்பில் இருக்கும் ‘நல்-செக்’கில் எந்தக் காவலும் கிடையாது, அதைப் பிடித்து ஆள்வது ஆட்டக்காரர்களின் கூட்டணிகள்தான். தலைவர், தூதர், ஒற்றர், வரி வசூலிப்பவர் என்று ஆயிரக்கணக்கான பேரைக் கொண்ட சிறு அரசாங்கங்கள் அவை. கப்பல் அழிந்தால் அழிந்ததுதான், திரும்ப முளைக்காது.

காங்கார்ட் தண்டிக்கும், ஆனால் தடுக்காது. ஹை-செக்கில் நிம்மதியாக விண்கல் சுரண்டி மைனிங் செய்யலாம் என்று நம்பியவர்கள் அடி வாங்கியது இந்த ஒரு விதியால்தான்.

கூட்டணிக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் நேரம். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தைக் கைவசம் வைத்திருந்த தரப்பு அதன் உரிமைக்கான கட்டணம் கட்டத் தவறியதை எதிரிகள் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து மூண்ட சண்டை 21 மணி நேரம் ஓடியது. ஏழாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் மதிப்பு சுமார் மூன்று லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் எழுந்து வருகிறவர்களால்தான் இப்படிப் போரிட முடியும். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறவரால் முடியாது.

ஆனாலும் இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பித்தான் பிழைக்கின்றன. டைட்டன் கட்ட மலைபோல் தாது வேண்டும். அதில் பெரும்பங்கை நல்-செக் கூட்டணிகள் நீண்ட காலம் ஜிட்டாவில்தான் வாங்கின. அதாவது, ஹை-செக்கில் தனியாக உட்கார்ந்து விண்கல்லைச் சுரண்டுகிறவர் விற்றதை. விளிம்பில் கப்பல்கள் எரிந்தால் நடுவில் தாது விலை ஏறும். போரைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் அந்தப் போரில் வரவு உண்டு.

இந்தப் பின்னலைக் கூன்ஸ்வார்ம் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டது. 2011 கடைசியில் ஹை-செக்கின் ஒரு பகுதியில் பனிக்கட்டி வெட்டியவர்களை விரட்டி விரட்டி அழித்து, அதிலிருந்து கிடைக்கும் எரிபொருளின் விலையை உயர்த்தியது. 2012-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ‘ஹல்க்’ என்ற மைனிங் கப்பலை அழிப்பவர்களுக்குப் பரிசு அறிவித்தது. ஹல்க் கட்ட டெக்னீஷியம் தேவை. டெக்னீஷியம் கிடைக்கும் நிலாக்கள் கூன்ஸ்வார்மும் மற்ற வடக்குக் கூட்டணிகளும் கைவசம் வைத்திருந்தவை; ஒபெக் பாணியில் ‘ஓடெக்’ என்று சங்கம் அமைத்து விலையையும் அவர்களே பிடித்து வைத்திருந்தார்கள். ஹல்க்கை இழந்தவர் அடுத்ததை வாங்கும்போது, காசில் ஒரு பங்கு தன் கப்பலைச் சுட்டவரிடமே போய்ச் சேர்ந்தது. திட்டம் போட்டவர்களின் மூளையை மெச்சலாம். யாருடைய மாலை நேரத்தை எரித்து அந்த லாபம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லை எங்கே என்ற கேள்வி அதே 2012 மார்ச்சில் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ரெய்க்யவிக்கில் நடந்த ஆட்டக்காரர் திருவிழாவில் கூன்ஸ்வார்ம் தலைவர் ‘மிட்டானி’ மேடையில் பேசினார். தாக்கப்பட்ட ஒரு மைனிங் ஆட்டக்காரர் மன உளைச்சலில், வாழவே பிடிக்காத நிலையில் எழுதியிருந்ததைக் கேலியாகப் படித்துக் காட்டி, அவரை இன்னும் சீண்டும்படி கூட்டத்தைத் தூண்டினார். அப்போது அவர்தான் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழுவின் தலைவர். அடுத்த குழுவுக்கான தேர்தலிலும் பத்தாயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கியிருந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார். சிசிபி அவருக்கு 30 நாள் தடை விதித்தது. கப்பலைச் சுடுவது விளையாட்டுக்குள் அடங்கும். திரைக்கு அப்பால் தவிக்கும் மனிதரைக் குறிவைப்பது அடங்காது.

ஆனால் அடுத்த மாதம் ஜிட்டா எரிந்தபோது நிறுவனம் குறுக்கிடவில்லை. விதிக்கு உட்பட்ட தாக்குதல் அது. சமநிலைக்காகச் சில மாற்றங்களை மட்டும் செய்துவந்தது: காங்கார்ட் அழித்த கப்பலுக்குக் காப்பீடு கிடையாது என்று 2011-இலேயே அறிவித்திருந்தது, 2012 ஆகஸ்டில் மைனிங் கப்பல்களின் உறுதியைக் கூட்டியது.

பெரிய மாற்றம் வந்தது ஆட்டக்காரர்களிடமிருந்து. 2013-இல் தோன்றிய ‘பிரேவ் நியூபீஸ்’ என்ற குழு, அனுபவம் கேட்காமல், நேரம் கேட்காமல் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டது. தோற்றாலும் சிரித்துக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போனார்கள். ‘கர்மாஃப்ளீட்’ என்று கூன்ஸ்வார்மும், ‘பாண்டெமிக் ஹோர்டு’ என்று அதன் எதிரிகளும் இப்படிக் கதவைத் திறந்தார்கள். கப்பல் போனால் கூட்டணிச் செலவில் இன்னொன்று. வாரத்தில் இரண்டு மாலை வந்தாலும் போதும்.

2016-இல் எதிர்க் கூட்டணிகளோடு நடந்த போரில் வடக்கை இழந்த கூன்ஸ்வார்ம், டெல்வ் என்ற தொலைதூரப் பகுதிக்குக் குடிபெயர்ந்து மைனிங்கையே பொருளாதாரமாக்கியது. யாராவது ஒரு மைனரைத் தாக்கினால் பெருங்கப்பல் படை உடனே பாய்ந்து வர ஏற்பாடு செய்தது. 2017 வாக்கில் சிசிபி மாதாமாதம் வெளியிடும் பொருளாதார அறிக்கைகளில் மைனிங் மதிப்பில் டெல்வ் எல்லாப் பகுதிகளையும் முந்திக்கொண்டு நின்றது. ஹல்க்குக்குப் பரிசு வைத்த அதே கூட்டணி இப்போது மைனர்களுக்குக் காவல் நின்றது, அவர்கள் தன் வரிக்கு உட்பட்டவர்கள் என்பதால். எந்தக் கொடியின் கீழும் சேர விரும்பாமல் ஹை-செக்கில் தனியாகக் கல் சுரண்டுகிறவருக்கோ, இன்றும் சுட்ட பிறகு வந்து சேரும் காங்கார்ட் மட்டும்தான் காவல்.