கழுத்துக் கட்டியும் கேளா ஒலியும்

1877 ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட ரப்பர், பின்னர் அம்மாநிலத்தின் மேட்டு நிலங்கள் பலவற்றில் பரவிற்று. அங்கே பால் வெட்டிய தமிழருக்கு, அமுக்கினால் அமுங்கி, விட்டால் பழைய உருவை அடையும் பொருளின் இயல்பை ஏட்டில் படித்தறிய வேண்டிய தேவை இருந்ததில்லை. அவ்வியல்பே மீள்மை. உடற்சதைக்கும் மீள்மை உண்டு. நோய் வந்தால் அது மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு தைராய்டுக் கட்டிகளை ஆராயும் முறை இன்று மருத்துவத்தில் வழங்குகிறது.

தைராய்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி நிற்கும் சுரப்பி. கேடயச் சுரப்பி எனத் தமிழ் நூலார் சிலர் வழங்குவர்; மூலமாகிய கிரேக்கச் சொல்லின் பொருளும் கேடயமே. அயோடின் குறைவில்லாத நாடுகளிலும், பெண்களில் 100க்கு 5 பேருக்கும் ஆண்களில் 100க்கு ஒருவருக்கும் அதில் விரலுக்குத் தென்படும் கட்டி இருக்கும். கட்டிகளுள் புற்றாவன 100க்கு 7 முதல் 15 வரையே. எஞ்சியவை தீங்கற்றவை. ஆனால் எது எது என்று பிரித்தறிவதுதான் இடர்ப்பாடு.

கல்லைப்போல் கெட்டியாக இருந்தால் ஐயுற வேண்டும் என்பது மருத்துவரின் விரல் நெடுங்காலமாகக் கண்ட உண்மை. ஆயினும் விரல் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆழத்தில் உள்ள சிறு கட்டி அதற்கு எட்டாது. 1991 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோனதன் ஓபிரும் அவர் குழுவினரும் விரலின் வேலையைக் கேளா ஒலியிடம் ஒப்படைக்கும் வழியை வெளியிட்டனர். கழுத்தின் மீது கருவியை வைத்து மெல்ல அமுக்குவர். மென்மையான பகுதி மிகுதியாக நசுங்கும். கெட்டியான பகுதி அவ்வளவாக நசுங்காது. அமுக்குமுன் வந்த எதிரொலியையும் பின் வந்ததையும் கணிப்பொறி ஒப்பிட்டு, வேறுபாட்டை வண்ணப்படமாகத் தீட்டும். சில கருவிகளில் நீலம் கெட்டியைக் குறிக்கும், வேறு சிலவற்றில் சிவப்பு! வண்ணத்தை மட்டும் பார்த்து அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்க.

பின்னர் வந்த முறையில் அமுக்குதலே இல்லை. கருவி விடுக்கும் வலிய ஒலித்துடிப்பு, சதைக்குள் சிறு குறுக்கலைகளை எழுப்பும். கெட்டியான இடத்தில் அவை விரைந்தோடும். வேகம் நொடிக்கு 2 மீட்டரானால் கெட்டித்தன்மை ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல்; 4 மீட்டரானால் 48. வேகம் இரட்டித்தால் கெட்டி நான்கு மடங்காகும் என்பது கணக்கு.

2007 இல் இத்தாலியின் பைசா நகரத்தார் 92 நோயாளரிடம் கண்ட முடிவு வியப்பளித்தது: புற்றுகளில் 100க்கு 97 பிடிபட்டன. அவ்வியப்பு நீடிக்கவில்லை. 2012 இல் கொரிய மருத்துவர்கள் 703 கட்டிகளை ஆராய்ந்தபோது, வழக்கமான கேளா ஒலிப்படத்தை இது விஞ்சவில்லை. சுண்ணாம்பு படிந்த தீங்கற்ற கட்டியும் கெட்டியாகத் தோன்றும். நீர் நிறைந்த கட்டியை இம்முறையால் அளத்தல் பொருந்தாது. ஆகவே 2017 இல் ஐரோப்பியத் தைராய்டு சங்கம் இதனைத் துணைக்கருவியாகவே ஏற்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், சுங்கை சிப்புட் வட்டாரத்துக் குடும்பங்கள் பல பட்டணத்தை நாடின. முன்பு காய்ச்சலுக்கும் காயத்துக்கும் தோட்டத்து டிரெசர் இருந்தார்; இன்று கழுத்தில் கட்டி கண்ட மூதாட்டி ஈப்போவின் பெரிய மருத்துவமனை வரை செல்ல நேரலாம். ஊசி என்றாலே நடுங்கும் அவரிடம் "மெத்தென்றுதான் இருக்கிறது" என்று ஒரு சொல் சொன்னால், மறுமுறை அவர் வருவது அரிது. தவறு நேரக்கூடிய இடம் இதுவே.

ஏனெனில் தைராய்டுப் புற்றில் மிகுதியாகக் காணப்படும் பாப்பில்லரி வகை பெரும்பாலும் கெட்டியானது. பாலிக்குலர் வகையோ மென்மையாகவும் இருக்கும். அதனை மீள்மைப் படம் தவறவிடலாம். ஐயத்துக்குரிய கட்டியில் ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்ப்பது ஆகையால்தான் விலக்க முடியாதது. பாலிக்குலர் வகைக்கு ஊசியும் போதாது. அவ்வுயிரணுக்கள் கட்டியின் உறையைத் துளைத்துச் சென்றனவா என்பதை, கட்டியை வெட்டி எடுத்து ஆராய்ந்த பின்னரே சொல்லக்கூடும்.